தினமும் ஓடுகிறேன், மலை உயரம் என்னைப் பாதிக்குமா?

கேள்வி: எனக்கு 42 வயது. தினமும் 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். விமானத்தில் நேராக 3,500 மீட்டர் உயரத்து ஊரில் இறங்கி, மூன்றாம் நாள் இரவு 5,000 மீட்டர் முகாமில் நண்பர்களோடு தங்கத் திட்டம். உடம்பு தாங்குமா? மாத்திரை இருந்தால் போதுமா?

பதில்: ஓடிப் பழகிய உடம்பு மலையேற உதவும், உயர நோயிலிருந்து, அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உபாதையிலிருந்து, காப்பாற்றாது. உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான் எனக்குக் கூடுதல் கவலை. கால் வலிக்காததால் விறுவிறுவென்று ஏறிவிடுவீர்கள். ஆனால் மூச்சும் ரத்தமும் உயரத்துக்குப் பழக நாட்கள் ஆகும். 5,500 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான்.

திட்டத்தை மாற்றுங்கள். இறங்கியதும் இரண்டு முழு நாள் அந்த ஊரிலேயே ஓய்வு. அப்புறம், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்குங்கள். ஆக, 5,000 மீட்டர் முகாமுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும்.

இறங்கிய அன்று தெம்பாக இருப்பதை நம்பாதீர்கள். தலைவலி பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வரும். தலைவலியோடு குமட்டலோ சோர்வோ இருந்தால், உயர நோய் என்றே வைத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள்.

முகாமில் ஒருவர் ஷூ கயிற்றைக் கட்ட முடியாமல் திணறுகிறார், கேட்டால் "அசதிதான்" என்கிறார். தரையில் கோடு போட்டு, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி அடிவைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுமே உயிரைப் பறிப்பவை. விடியட்டும் என்று காத்திருக்காமல், ஆக்சிஜன் இருந்தால் கொடுத்தபடி, துணையோடு உடனே கீழே இறக்குங்கள். 300 மீட்டர் இறங்கினாலே தேறத் தொடங்கலாம். தேறும்வரை இறங்கிக்கொண்டே இருங்கள்.

சரி, மாத்திரை. அசிட்டாசோலமைடு, உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்பா வகை மருந்துகள் ஒத்துக்கொள்ளாது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். விரல் நுனி குறுகுறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். மாத்திரை போட்டாயிற்றே என்று தலைவலியோடு மட்டும் ஏறிவிடாதீர்கள். மது முதல் சில நாட்கள் வேண்டவே வேண்டாம்.

குளிரில் எதுவும் எளிதில் மட்காது. கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மலம் கழிக்க ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள்.

உங்கள் மூட்டையைச் சுமந்து வருபவர்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மலைக்காரர்தானே என்று விட்டுவிடாதீர்கள். தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கும் இதே நோய் வரும். கூலி போய்விடுமே என்று பலர் தலைவலியை மறைப்பார்கள். காலையில் நண்பரை விசாரிப்பதுபோல அவரையும் விசாரியுங்கள். முடியவில்லை என்றால், அவருடைய மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்குச் சேர்த்து, முழுக் கூலியும் கொடுத்துக் கீழே அனுப்புங்கள்.