ஆஃப்ரிஸ்கி போகிறவர்கள் கேட்டவை: ஓர் அக்காவின் பதில்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூலை குளிர்காலப் பள்ளி விடுமுறை நெருங்கினாலே என் போனுக்கு ஓய்வு கிடையாது. "அக்கா, லெசோத்தோவில் பனிச்சறுக்கு விளையாடலாமாமே, எப்படிப் போவது?" பத்து வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு ஜூலையும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து பக்கத்து நாடான லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்குத் தலத்துக்கு மலையேறுகிறவள் என்பதால் என்னிடம் வருகிறார்கள். இந்த முறை கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

சாட்ஸ்வர்த்திலிருந்து: அங்கே நிஜமாகவே பனி இருக்குமா, இல்லை படத்தில் மட்டும்தானா?

இருக்கும், ஆனால் பெரும்பாலும் மெஷின் செய்த பனி. ஆஃப்ரிஸ்கி கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் உறைகுளிர், காற்றும் நல்ல காய்ந்த காற்று. அந்த நேரத்தில் தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீரங்கி மாதிரி ஊதுவார்கள், துளிகள் தரையில் விழுவதற்குள் உறைந்துவிடும். காலையில் பார்த்தால் சுற்றிலும் பழுப்பு மலை, நடுவில் யாரோ வேட்டி காயப்போட்ட மாதிரி ஒரே ஒரு வெள்ளைக் கோடு. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு முகம் விழுந்துவிடும். சுவிட்சர்லாந்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், பெரிய சரிவே ஒரு கிலோமீட்டர்தான். புதிதாகக் கற்றுக்கொள்ள அதுவே தாராளம், இரண்டு நாளில் அந்த ஒரு கிலோமீட்டரை முழுதாக இறங்கினாலே நீங்கள் கெட்டிக்காரர்.

ஃபீனிக்ஸ் தம்பி: அப்படியென்றால் நல்ல பனி பெய்கிற வாரமாகப் பார்த்துப் போகலாமா?

இந்தத் தப்பைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். வானத்துப் பனி கொட்டினால் முதலில் மூடுவது பாதை. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் N3 நெடுஞ்சாலை மூடி, வண்டிகள் ராத்திரி முழுக்கப் பனியில் சிக்கிக் கிடந்தது மறந்துவிட்டதா? வானம் தெளிவாக, ராத்திரி நடுக்கும் குளிராக இருக்கிற வாரம்தான் நமக்கு நல்ல வாரம். சறுக்க மெஷின் பனி இருக்கும், பாதையும் திறந்திருக்கும்.

டோங்காட்டிலிருந்து: டர்பனிலிருந்து எந்த வழி? சானி கணவாய் பக்கம் என்கிறார்களே?

வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் சானியில் நாலு சக்கர இழுவை இல்லாத வண்டியை நம் எல்லைக்காரர்கள் ஏறவே விடமாட்டார்கள், குளிர்காலத்தில் வளைவுகளில் ஐஸ் பிடித்துக் கிடக்கும். எல்லையும் சாயங்காலமே மூடிவிடும். அதை ஒரு தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போகிற வழி: N3-இல் ஹாரிஸ்மித், அங்கிருந்து கோல்டன் கேட் வழியாக கிளாரன்ஸ், ஃபூரிஸ்பர்க், கலேடன்ஸ்பூர்ட் எல்லை, பூத்தா-பூத்தே, மோத்தெங் கணவாய், மஹ்லசேலா கணவாய். எல்லை வரைக்கும் சுகமான ஓட்டம். பூத்தா-பூத்தே தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள், நிழல் விழுகிற திருப்பங்களில் மதியம்கூடக் கறுப்பு ஐஸ் இருக்கும். கண்ணுக்கு ஈரத் தார் மாதிரிதான் தெரியும், பிரேக்கை மிதித்தீர்களோ போச்சு. இருட்டியபிறகு அந்தப் பாதையில் ஓட்டவே ஓட்டாதீர்கள். அதனால்தான் எல்லோருக்கும் சொல்கிறேன், முதல் நாள் ராத்திரி கிளாரன்ஸில் தங்குங்கள். ஒரே மூச்சில் போனால் ஏழெட்டு மணி நேரம் ஆகும், போய்ச் சேரும்போது சூரியன் இருக்காது.

இன்னொன்று, டீசலில் ஓடுகிற பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஒரு வருடம் வீட்டருகே டேங்கை நிரப்பிக்கொண்டு நேராக மேலே போனேன். மறுநாள் காலையில் டீசல் மெழுகாகக் கட்டிக்கொண்டு வண்டி கிளம்பவில்லை, பத்து மணி வெயில் அடிக்கும்வரை போர்வை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடற்கரையிலிருந்து காலி டேங்காகக் கிளம்பச் சொல்லவில்லை, மேலே ஏறும் முன் கடற்கரையைவிட்டுத் தள்ளியிருக்கிற குளிரான ஊர்களில் டீசல் நிரப்புங்கள். ரேடியேட்டரில் உறையாமலிருக்க மருந்து கலந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

லெனேசியாவிலிருந்து: எல்லையில் என்னென்ன காகிதம் கேட்பார்கள்?

ஆளுக்கொரு பாஸ்போர்ட், கைக்குழந்தைக்கும். பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ். அப்பாவோ அம்மாவோ வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதம். வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் கடிதம், வாடகை வண்டியானால் அந்த நிறுவனத்தின் கடிதம். ஜோகன்னஸ்பர்க் சாண்ட்டனில் வேலை பார்க்கிற இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களே, லெசோத்தோவுக்கு விசா வேண்டுமா என்று மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள், தென்னாப்பிரிக்காவுக்குள் திரும்பி வர உங்கள் விசா இடம் தருகிறதா என்று பாருங்கள். பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், நம் ராண்டும் லெசோத்தோ பணமான லோட்டியும் ஒரே மதிப்பு, அங்கே ராண்ட் வாங்கிக்கொள்வார்கள். மீதிச் சில்லறையை லோட்டியாகக் கொடுத்தால் அங்கேயே செலவழித்துவிடுங்கள், இங்கே கடையில் செல்லாது.

டர்பன் தங்கச்சி: ஸ்கீயா, ஸ்னோபோர்டா? எதில் தொடங்குவது?

இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் ஸ்கீ, அதாவது காலுக்கொரு நீளப் பலகை. முதல் நாள் சாயங்காலமே சின்னச் சரிவில் நின்றுகொண்டு இறங்கிவிடலாம். இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டுகிற ஸ்னோபோர்டில் முதல் இரண்டு நாளும் விழுவதுதான் வேலை, பின்பக்கமும் மணிக்கட்டும் வீங்கிவிடும், அப்புறம் திடீரென்று பிடிபட்டு வேகமாக முன்னேறுவீர்கள். இளவட்டங்கள் ஸ்டைலுக்காகப் போர்டைத்தான் எடுப்பார்கள், சரி எடுக்கட்டும், மணிக்கட்டுக் காப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஹெல்மெட் இருவருக்கும்.

எதுவானாலும் முதல் காலையிலேயே பயிற்சியாளரிடம் ஒரு வகுப்பு எடுங்கள். "மச்சான் சொல்லிக்கொடுப்பான்" என்று நம்பி மேலே போய், இறங்கத் தெரியாமல் உட்கார்ந்தே இறங்கியவர்கள் எங்கள் வீட்டிலேயே மூன்று பேர். ஸ்கீயில் முதல் பாடம் நிறுத்துவது: முன் நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை அகல விரிக்க வேண்டும். பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்கு இதைப் பீட்சா என்பார்கள், நான் சமோசா என்றுதான் கத்துவேன். உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள், பயத்தில் எல்லோரும் சாய்வார்கள், சாய்ந்தால் வேகம்தான் கூடும். முழங்காலை மடக்கி, கணுக்காலுக்கு மேல் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்துகிற மாதிரி நில்லுங்கள். விழுந்தால் எழும் முன் ஸ்கீ இரண்டையும் சரிவுக்குக் குறுக்கே திருப்புங்கள், இல்லையென்றால் எழுந்த வேகத்தில் மறுபடி ஓடும்.

உம்லாஸ் பக்கத்திலிருந்து: உடுப்பு எல்லாம் வாங்க வேண்டுமா?

முதல் தடவை எதையும் வாங்காதீர்கள், ஸ்கீ, பூட்ஸ், உடுப்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். என் முதல் பயணத்தில் ஜீன்ஸோடு போய், பத்து மணிக்கு நனைந்து, பதினொன்றுக்கு அது தகரம் மாதிரி விறைத்துவிட்டது. உள்ளே உடம்போடு ஒட்டிய காய்கிற துணி, நடுவில் கம்பளி, மேலே தண்ணீர் புகாத கோட்டு. காலுறை ஒன்றே ஒன்று, நீளமாக. இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சில்லிடும். அப்புறம் சன்ஸ்கிரீன்! குளிரில் எதற்கு என்று சிரிப்பார்கள். வெயிலைப் பனி அப்படியே திருப்பி முகத்தில் அடிக்கும், மூக்கின் அடிப்பக்கம்கூடத் தோலுரியும். கண்ணுக்கு நல்ல காகிள்ஸ்.

ஒரு அப்பா: பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி வந்தால்?

மலைக் காற்றின் வேலை. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, மேலே போனால் மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. நிறையத் தண்ணீர், முதல் நாள் மெதுவான நடை, பெரியவர்களுக்கு முதல் ராத்திரி பீர் வேண்டாம். கிளாரன்ஸ் சுமார் 1,800 மீட்டர், அங்கே ஓர் இரவு தங்கச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, பேச்சோ நடையோ தடுமாறினாலோ, காத்திருக்காமல் கீழே இறக்குங்கள், அதுதான் மருந்து. ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் கிளம்பும் முன் டாக்டரைக் கேளுங்கள். உங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) லெசோத்தோவில், அதுவும் பனிச்சறுக்கில் விழுந்ததற்குப் பணம் தருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெருலம் அம்மா: நான் புடவைதான் கட்டுவேன், சும்மா பார்க்க வரலாமா?

தாராளமாக வாங்க அம்மா. உள்ளே கம்பளிக் கால்சட்டை, காலில் பூட்ஸ், மேலே பெரிய கோட்டு. வெயிலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு மருமகன் விழுவதைப் பார்ப்பதற்கே காசு கொடுக்கலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து: ஆடி மாதம், வீட்டில் மாரியம்மன் கூழ் முடியும்வரை கறி, மீன் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். அங்கே இருப்பதில் சைவமாகப் பார்த்தால் சிப்ஸ், சீஸ் பீட்சா. அடுப்புள்ள அறையாகக் கேட்டு எடுங்கள். முதல் நாளுக்கு ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். பிரஷர் குக்கரை மறந்துவிடாதீர்கள், அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒருமுறை சாதாரணச் சட்டியில் ஆறு மணிக்குப் பருப்பு ஏற்றினேன், ஒன்பது மணிக்கு பிள்ளைகள் ரொட்டியைச் சர்க்கரையோடு தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்கள், பருப்பு அப்போதும் கல்லாகத்தான் இருந்தது.