மாந்தோவாவின் குன்றுகளும் கோட்டைகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இத்தாலியின் வெரோனா நகரில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு வரும் செப்டம்பரில் நானும் என் மனைவியும் செல்லவிருக்கிறோம். உரோமையும் வெனிசையும் படத்தில் பார்த்தே அலுத்துவிட்டது. திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறி இறங்கி வளர்ந்தவன் நான். அங்கே ஒரே மாவட்டத்துக்குள் மூன்று நான்கு கோட்டைகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் எந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமங்கலம்)

பதில்: மாந்தோவா மாவட்டத்துக்குப் போய் வாருங்கள். வெரோனாவிலிருந்து தெற்கே இரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மாந்தோவா நகரை அடைந்துவிடலாம் என்பது ஒரு வசதிதான். ஆனால் தமிழாசிரியரான தங்களுக்கு நான் அதைச் சொல்லும் காரணம் வேறு. அம்மாவட்டத்தின் வடகோடியில், கார்தா ஏரிக்குத் தெற்கே பரந்துகிடக்கும் குன்றுகளின் ஓரமாக, காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியெரே என்றோர் ஊர் இருக்கிறது. கொஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தது அங்கேதான். மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்து, வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெரியவரானவர் அவரே.

ஊர்ப்பெயரையே சற்று கவனியுங்கள். காஸ்தில்யோனே என்பது சிறு கோட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர். வீரமாமுனிவர் காலத்துக்கு முந்தைய ஏடுகளில் ‘கொ’, ‘கோ’ இரண்டையும் பெரும்பாலும் ஒரே வடிவில் எழுதிவிட்டு, குறிலா நெடிலா என்பதை இடம் நோக்கித்தான் அறிந்துகொண்டார்கள். குறிலுக்குப் புள்ளியிட வேண்டும் என்று இலக்கணம் விதித்திருந்தும், புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று எழுதுவோர் அதை விட்டுவிட்டார்கள். கொம்பை மேலே சுழித்து நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவர். ஆக, தாங்கள் கரும்பலகையில் ‘கோட்டை’ என்று எழுதியபோதெல்லாம், அதன் முதலெழுத்தின் இரட்டைச் சுழிக்கொம்பு ஒரு கோட்டையூர்க்காரரின் கைவண்ணமாகவே இருந்திருக்கிறது.

அவ்வூர்க் கோட்டை இன்று முழு உருவில் எஞ்சவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாந்தோவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் ஒரு கிளை அங்கிருந்து ஆட்சி செய்தது. ஞானப்பிரகாசியார் என்று நம் கத்தோலிக்கர்கள் வணங்கும் அலோசியஸ் கொன்சாகா 1568-இல் அந்தக் கோட்டையில்தான் பிறந்தார். உரோமையில் கொள்ளைநோயாளிகளுக்குப் பணிவிடை செய்து 1591-இல் இறந்த அவருடைய மண்டையோடு அவர் பெயரால் எழுந்த கோவிலில் வைக்கப்பட்டிருக்கிறது.

கோட்டையை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் அருகிலுள்ள சொல்ஃபெரினோவுக்குச் செல்லுங்கள். குன்றின் உச்சியில் சதுரமாக நிமிர்ந்து நிற்கும் அந்தக் காவற்கோபுரத்தை 1022-இல் கட்டியதாகக் கூறுவர். சுற்றுவட்டாரம் முழுவதும் அங்கிருந்து தெரிவதால் அதற்கு ‘இத்தாலியின் ஒற்றன்’ என்று பெயர். 1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் பிரெஞ்சுப் படையும் சார்டீனியப் படையும் ஆஸ்திரியப் படையோடு மோதியது இந்தக் குன்றைச் சுற்றித்தான். இறந்தவர்களும் காயமுற்றவர்களுமாக ஏறக்குறைய 40,000 பேர் அந்த ஒரே நாளில் வீழ்ந்தார்கள். காயம்பட்டவர்களை வண்டி வண்டியாகக் காஸ்தில்யோனேயின் பெரிய கோவிலில் கொண்டுவந்து கிடத்தியபோது, எந்த நாட்டுச் சிப்பாய் என்று பாராமல் ஊர்ப்பெண்கள் ‘எல்லாரும் சகோதரர்களே’ என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் ஊட்டினார்கள். வேறு வேலையாக அப்பக்கம் வந்து அதைக் கண்ட ஹென்றி துனான் என்ற ஜெனீவாக்காரரின் முயற்சியால்தான் 1863-இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. சொல்ஃபெரினோவில் கோபுரத்துக்குக் கீழே ஒரு சிறு கோவிலில் சுமார் 7,000 வீரர்களின் எலும்புகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பீடத்துக்குப் பின்னால் வரிவரியாக மண்டையோடுகள் நம்மைப் பார்க்கும். மனம் இளகியவர்கள் வாசலோடு நின்றுகொள்வது நல்லது.

மாந்தோவா நகரிலுள்ள சான் ஜோர்ஜோ கோட்டைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இது மலைக்கோட்டையன்று, நீர்க்கோட்டை. மின்சோ ஆற்றைத் தேக்கி உண்டாக்கிய ஏரிகள் நகரை மூன்று புறமும் அணைத்துக் கிடக்கின்றன. அகழியைத் தூர்த்து வெளிவீதி கண்ட மதுரைக்காரர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தால் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கும். 1395-க்கும் 1406-க்கும் இடையே கட்டிய இக்கோட்டையின் ஒரு கோபுரத்துக்குள், அந்திரேயா மாந்தெஞ்ஞா 1465 முதல் 1474 வரை தீட்டிய ‘மணமக்கள் அறை’ உள்ளது. விதானத்தின் நடுவே கூரையைப் பிளந்து வானம் தெரிவதுபோல் ஒரு வட்டம். அதன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி சில பெண்கள் நம்மைக் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். செடி நட்ட ஒரு தொட்டி ஒற்றைக் கழியின்மேல் விழுந்துவிடுவதுபோல் நிற்கிறது. நான் அங்கே நின்றபோது என்னையறியாமல் இரண்டடி விலகி நின்றேன். பின்னாளில் ஆஸ்திரியர் இக்கோட்டையைச் சிறையாக்கினார்கள். ஃபெலிச்சே ஓர்சினி என்ற புரட்சியாளர் 1856-இல் சன்னல் கம்பிகளை அறுத்து, படுக்கை விரிப்புகளைக் கயிறாக்கி இறங்கித் தப்பியது இங்கிருந்துதான்.

கேள்வி: இரண்டு முழங்காலிலும் வலி இருக்கிறது. கோட்டை பார்க்கும் ஆசையும் இருக்கிறது. என்னால் முடியுமா?
(வாசகி, சிம்மக்கல்)

பதில்: தாராளமாக முடியும் அம்மா. திண்டுக்கல் பாறையை மனத்தில் வைத்து அஞ்ச வேண்டாம். மாந்தோவாவின் குன்றுகள் கடல் மட்டத்திலிருந்தே இருநூறு மீட்டர் அளவில்தான் உயர்ந்திருக்கின்றன. சொல்ஃபெரினோ கோபுரத்துக்குள்கூடப் படிக்கட்டுக்குப் பதிலாக மரத்தாலான சாய்தளத்தில்தான் சுற்றிச் சுற்றி ஏறுகிறோம். தங்களுக்கு ஏற்ற ஊர் காஸ்தெல்லாரோ லகுசெல்லோ. மதில் சூழ்ந்த ஒரே தெரு, அதன் மறுகோடியில் இதய வடிவில் ஒரு சிற்றேரி, அவ்வளவுதான் ஊர். அங்கே காலுக்குத் தொல்லை தருவது ஏற்றமன்று, தெருவில் பதித்த கூழாங்கற்கள்தான். செருப்பைத் தவிர்த்து, அடிப்பாகம் தடித்த காலணி அணிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நம் பக்கத்து மலைக்கோட்டைகள் செங்குத்தான பாறைமேல் இருக்கின்றன. மாந்தோவாக்காரர்கள் ஏன் இவ்வளவு தாழ்வான குன்றுகளில் கோட்டை கட்டினார்கள்? மதில் எந்தக் கல்லால் ஆனது?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: இருப்பதில்தானே கட்ட முடியும், தம்பி! திண்டுக்கல்லில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கருக்கு ஒரே பாறையாகக் கருங்கல் மலை கிடைத்தது. கார்தா ஏரியின் தெற்கே அப்படியொரு பாறை கிடையாது. பனியுகத்தில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனியாறு தான் உருட்டிக்கொண்டுவந்த மண்ணையும் கற்களையும் அரைவட்ட வரிசைகளாகக் குவித்துவிட்டு உருகிப்போயிற்று. அந்தக் குவியல்களே இன்றைய குன்றுகள். எதிரே பரந்து கிடப்பது போ ஆற்றுச் சமவெளி என்பதால், நூறு மீட்டர் உயரமே தொலைவில் வரும் படையைக் கண்டுகொள்ளப் போதுமானதாயிருந்தது.

மதிலை அருகில் சென்று பாருங்கள். அதே பனியாறு விட்டுச்சென்ற உருண்டைக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து எழுப்பியிருப்பார்கள். கோழிமுட்டையிலிருந்து தேங்காய் அளவுவரை கற்கள் தென்படும். பிறகு அண்ணாந்து, மதிலுச்சியில் பல்வரிசைபோல் நிற்கும், சங்கப் பாடல்கள் ஞாயில் என்று சொல்லும் உறுப்பைக் கவனியுங்கள். அதன் தலை தகைவிலான் குருவியின் வால்போல் பிளந்திருந்தால் பேரரசரின் கட்சி, தட்டையாக இருந்தால் போப்பாண்டவரின் கட்சி என்று அந்நாட்டார் கூறுவது வழக்கம். பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் தம் விருப்பப்படி கட்டியதும் உண்டாகையால், இதை மட்டும் வைத்து வரலாறு எழுதிவிடாதீர்கள்.

பீரங்கி வந்தபின் உயர்ந்த மதில் எளிய இலக்காகிவிட்டது. அதற்குப் பிறகு கோட்டை எப்படித் தாழ்ந்து அகன்றது என்பதைக் காண இதே மாவட்டத்திலுள்ள சப்பியொனேத்தாவுக்குப் போக வேண்டும். வெஸ்பசியானோ கொன்சாகா 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சமவெளியில் கட்டிய நகரம் அது. மதில் நட்சத்திர வடிவில் கோணங்களை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மாந்தோவாவையும் அதையும் சேர்த்து யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? எந்த நாள்களில் கோட்டைகள் மூடியிருக்கும்?
(வாசகர், மேலூர்)

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். சான் ஜோர்ஜோ கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மணமக்கள் அறைக்குள் ஒரு நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரையே விடுவதால் நேரம் குறித்துச் சீட்டு எடுத்துக்கொள்வது நலம். சிற்றூர்க் கோட்டைகள் சிலவற்றை வார இறுதியில்தான் திறக்கிறார்கள். இதைக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை போய், பூட்டிய கதவைப் படமெடுத்துக்கொண்டு திரும்பியவன் நான்.

சாப்பாட்டில் மாந்தோவா சைவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். பறங்கிக்காய்ப் பூரணம் வைத்துக் கோதுமை மாவில் மடித்து, வெண்ணெயில் புரட்டித் தரும் தொர்த்தெல்லிதான் அம்மாவட்டத்தின் பெருமை. மடிப்பைப் பார்த்தால் நம்மூர்ச் சோமாசிக்கு ஒன்றுவிட்ட உறவு போலிருக்கும். ஆனால் மாவில் முட்டை சேர்ப்பார்கள். மேலே துருவிப் போடும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறையவைக்கிறார்கள். இவ்விரண்டையும் தவிர்ப்பவர்கள் வாங்குமுன் கேட்டுவிடுவது நல்லது. பழத்துண்டுகளைச் சர்க்கரைப்பாகில் ஊறவைத்துக் கடுகுச் சாரம் சேர்த்த மோஸ்தார்தா என்ற தொடுகறியும் உண்டு. வாயில் வைத்ததும் இனிக்கும், அடுத்த கணம் மூக்கில் ஏறும். பெட்டியில் ஊறுகாய் வைக்க மறந்தவர்கள் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டிவிடலாம்.