'நாண்' என்பது வெறும் வெட்கம்தானா? அதைத் துறவோடு சேர்த்துப் பேசுவது ஏன்?

நாணம் என்றதும் இன்று நமக்குத் தலைகுனிந்து கால்விரலால் கோலம் போடும் சினிமாக் கதாநாயகிதான் நினைவுக்கு வருகிறாள். வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே (1011) இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறார். தகாத செயலுக்குக் கூசுவது நாண். பெண்களின் நாணம் வேறு. 1017இல் இன்னும் கடுமை: நாண் உள்ளவர்கள் நாணுக்காக உயிரைத் துறப்பார்கள், உயிருக்காக நாணைத் துறக்கமாட்டார்கள். துறவு இங்கேதான் வந்து ஒட்டிக்கொள்கிறது.

சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை இது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரனுக்கு முதுகில் புண் பட்டுவிட்டது. பட்டினி கிடந்து உயிர்விட வடக்கு நோக்கி உட்கார்ந்துவிட்டான். புலவர் வெண்ணிக்குயத்தியார் ஜெயித்த கரிகாலனிடமே போய், "புறப்புண் நாணி வடக்கிருந்தோன்" உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கிறார் (புறநானூறு 66). என்ன துணிச்சல்!

எனக்கு அதைவிட உறைப்பது 74ஆம் பாட்டு. சோழன் செங்கணானின் சிறையில் சேரமான் கணைக்கால் இரும்பொறை. தண்ணீர் கேட்கிறான், தாமதமாகக் கொடுக்கிறார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பாட்டைச் சொல்லி இறந்தான் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. செத்துப் பிறந்த குழந்தையைக்கூட, வாள்காயம் இல்லாமல் போகக்கூடாதென்று, வாளால் கீறிப் புதைக்கும் குடி எங்களுடையது. நானோ சங்கிலியில் கட்டிய நாய்போல் இருந்துகொண்டு, வயிற்றுத்தீ தணிய இரந்து உண்பதா என்கிறான். பகைவன் பிடித்தது பெரிதாகப் படவில்லை, கேட்டு வாங்கினோமே என்பதுதான் அவனை அறுக்கிறது. (புலவர் பொய்கையார், சோழனின் வெற்றியைப் புகழும் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்றும் ஒரு கதை உண்டு. இரண்டையும் பொருத்திப் பார்ப்பது புலவர்கள் பாடு.)

என்னைக் கேட்டால், நாண் என்பது 'இது வேண்டாம்' என்று சொல்லவைக்கும் உணர்வு. சோறோ தண்ணீரோ உயிரோ, எதையாவது மறுக்கும்போதுதான் அது இருப்பதே தெரிகிறது.

சரி, காதலில் மட்டும் தலைகீழ். 'நாணுத்துறவுரைத்தல்' என்றே ஓர் அதிகாரம் (114) இருக்கிறது. அங்கே துறப்பது நாணையே. பனைமடலால் செய்த குதிரையில் ஏறி, ஊர் சிரிக்கத் தெருவில் வருவேன் என்கிறான் தலைவன். முன்பு நாணும் ஆண்மையும் வைத்திருந்தேன், இன்று என்னிடம் இருப்பது மடல்தான் என்று 1133இல் ஒப்புக்கொள்கிறான். ஊர் பார்த்தால்தான் பெண் வீட்டார் இறங்கிவருவார்கள் என்ற கணக்கும் அதில் உண்டு.