தலை சுற்றுகிறதா? கண்ணைப் பாருங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தலைசுற்றல் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் காது, கழுத்து, பித்தம், பிரஷர் என்றே போகின்றன. கண்ணைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆனால் கோளாறு காதிலா மூளையிலா என்று பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பது கண்ணின் அசைவுதான்.

கேள்வி: நடந்துகொண்டே கடைப் பலகையைப் படிக்க முடிகிறது. கையில் இருக்கும் செல்போனை ஆட்டினால் மட்டும் எழுத்து கலங்கிவிடுகிறதே, ஏன்?

பதில்: இப்போதே செய்து பாருங்கள். செல்போனை அசையாமல் பிடித்துக்கொண்டு, 'இல்லை' என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே படியுங்கள். படிக்க முடியும். தலை திரும்பும்போது உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அதை அங்குள்ள உணர்செல்கள் மூளைத்தண்டுக்குச் சொல்ல, கண் தசைக்கு உடனே கட்டளை போகிறது. இடையில் மூன்றே நரம்பணுக்கள். தலை வலப்பக்கம் போனால், சுமார் 10 மில்லிவினாடியில் கண் இடப்பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். செல்போன் ஆடும்போது இந்தக் குறுக்குவழி உதவாது. கண் பார்த்து, மூளை அலசி, அப்புறம்தான் கண்ணைத் திருப்ப முடியும். அதற்குப் பத்து மடங்கு நேரமாகும்.

இந்தக் குறுக்குவழி போய்விட்டால் என்ன ஆகும் என்று 1952இல் ஓர் அமெரிக்க மருத்துவர் தன் அனுபவத்தையே மருத்துவ இதழில் எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசியால் அவருடைய உள்காதுச் சமநிலை பாழாகியிருந்தது. படுத்துப் படிக்கும்போது, நாடித்துடிப்பால் தலை அசைவதே எழுத்தைக் குதிக்க வைத்தது. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலையை முட்டுக்கொடுத்து வைத்துத்தான் படித்தார். ஜென்டமைசின் ஊசிக்கும் இதே ஆபத்து உண்டு. அதைப் போட்டுக்கொள்ளும் நாட்களில் நடை தள்ளாடினாலோ, நடக்கும்போது எதிரில் உள்ளவை குதித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை போடச் சொன்னார்கள். இரண்டு மாதமாகப் போட்டும் குறையவில்லை. (வயது 58)

பதில்: 58 வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குக் கழுத்தில் தேய்மானம் தெரியும். அதற்கும் உங்கள் சுற்றலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. கழுத்துப் பட்டையோடு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சில நிமிடங்களில் சரியாகக்கூடிய ஒன்றுக்காக மாதக்கணக்கில் சுமக்கிறார்கள்.

நீங்கள் சொல்வது உள்காதுப் படிகங்கள் இடம் மாறிய சுற்றலாக இருக்க அதிக வாய்ப்பு. புவியீர்ப்பை உணரும் பையில் நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாலோ, தலையில் அடிபட்டதாலோ சில படிகங்கள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள், பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள், விழுந்துவிடுகின்றன. நீங்கள் புரளும்போது அவை உருண்டு திரவத்தைத் தள்ளுகின்றன. தலை திரும்பி நின்றுவிட்டது. ஆனால் இன்னும் சுற்றுகிறது என்று காது மூளையிடம் சொல்கிறது. கண்ணும் அதை நம்பித் துடிக்கிறது; இமை அல்ல, விழியே தானாக வெட்டி வெட்டி அசைகிறது. அடையாளங்கள்: படுக்கும்போதும் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் வரும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கும், காது கேட்பதில் மாற்றம் இருக்காது.

இதை உறுதிசெய்ய ஸ்கேன் வேண்டாம். தலையை 45 டிகிரி திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கண்ணைப் பார்த்தால் போதும். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த சோதனை இது. சில வினாடி கழித்துக் கண் மேல்நோக்கியும், கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழன்றும் துடித்தால் அந்தக் காதில்தான் படிகம். அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த ஜான் எப்லி என்ற காது மருத்துவர், தலையை வரிசையாக நான்கைந்து நிலைகளில் திருப்பிப் படிகத்தைக் குழாயிலிருந்து வெளியேற்றும் முறையைக் கண்டுபிடித்தார். தொடக்கத்தில் சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. இன்று உலகம் முழுக்க இதுதான் முதல் சிகிச்சை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ போய், 'எப்லி செய்வீர்களா' என்றே கேளுங்கள். எந்தக் காது என்று தெரியாமல் வீடியோ பார்த்து நீங்களாகச் செய்ய வேண்டாம்.

கேள்வி: காதில் தண்ணீர் விட்டு ஒரு டெஸ்ட் செய்தார்கள். பயங்கரமாகச் சுற்றியது. எதற்கு அது?

பதில்: ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிக்க. ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர் வியன்னாவில் நோயாளிகளின் காதைக் கழுவும்போது, தண்ணீர் குளிர்ந்திருந்தால் தலைசுற்றிக் கண் ஒரு பக்கமும், சூடாக இருந்தால் மறுபக்கமும் துடிப்பதைக் கவனித்தார். வெப்ப வேறுபாட்டால் உள்காதுத் திரவம் நகர்வதே காரணம் என்று சொன்னார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. உங்களுக்கு விட்ட தண்ணீர் அநேகமாக 30, 44 டிகிரி செல்சியஸாக இருந்திருக்கும். சுற்றியது நல்ல செய்தி. அந்தக் காது வேலை செய்கிறது.

கேள்வி: கொல்லிமலைக்கு பஸ்ஸில் போனால் எனக்கு வாந்தி. டிரைவருக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

பதில்: 70 கொண்டை ஊசி வளைவிலும் அடுத்த திருப்பம் எப்போது என்று அவருக்கு முன்பே தெரியும். மூளை எதிர்பார்த்ததும் காது சொல்வதும் ஒத்துப்போகின்றன. உங்கள் கண் செல்போனில் இருந்தால் 'அசையவில்லை' என்கிறது, காது 'அசைகிறோம்' என்கிறது. முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்குத் திடீரென்று சுற்ற ஆரம்பித்து மணிக்கணக்கில் நிற்கவே இல்லை. சிடி ஸ்கேன் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். நம்பலாமா?

பதில்: சிடி நார்மல் என்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். மூளைத்தண்டு, சிறுமூளையில் வரும் பக்கவாதம் சிடியில் பெரும்பாலும் தெரியாது. முதல் இரண்டு நாளில் எம்ஆர்ஐகூடச் சில சமயம் தவறவிடும். அப்போது உதவுவது கண்தான். ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லித் தலையைச் சட்டென்று திருப்பினால், காது நரம்பு கெட்டவருக்குக் கண் தலையோடு போய்விட்டு ஒரு குதியில் திரும்பி வரும். விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இந்தச் சோதனை நார்மலாக இருந்தால்தான் பயப்பட வேண்டும்: காது நன்றாக இருக்கிறது, மூளையில் கோளாறு. பார்க்கும் திசைக்கேற்பத் துடிப்பின் திசை மாறினாலும், ஒரு கண் மேலும் ஒரு கண் கீழுமாக விலகினாலும் அப்படியே. சுற்றலோடு இரட்டைப் பார்வை, குழறல், விழுங்கச் சிரமம், பிடிமானமில்லாமல் நிற்க முடியாமை, திடீர்ச் செவிட்டுத்தன்மை இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நரம்பு அழற்சியால் ஒரு காதின் சமநிலை போய்விட்டது. ஒரு வருடமாகச் சுற்றல் மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்தலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்டு நிறுத்தத்தான் வேண்டும். ப்ரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை முதல் சில நாள் வாந்தியை அடக்கத்தான். நீண்ட நாள் போனால், குறிப்பாக வயதானவர்களுக்கு, பார்க்கின்சன் நோய் போலக் கை நடுக்கமும் இறுக்கமும் வரலாம். அதைவிட முக்கியம், அவை மூளை பழகுவதைத் தடுக்கின்றன. சிறுமூளை ஒவ்வொரு முறை பார்வை பிசகும்போதும் கண்ணின் எதிரசைவைக் கொஞ்சம் திருத்துகிறது. புதுக் கண்ணாடி போட்டதும் தரை மிதப்பதுபோல் இருந்து, சில நாளில் சரியாவது இந்தத் திருத்தத்தால்தான். பிசகே தெரியாமல் அமுக்கினால் திருத்தம் எப்படி நடக்கும்?

1940களில் பிரிட்டனில் காத்தோர்ன், குக்சி என்ற இரு மருத்துவர்கள் தலை, கண் பயிற்சிகளை வகுத்தார்கள். எளிதான ஒன்று: கைநீளத் தூரத்தில் சுவரில் ஒரு எழுத்தை ஒட்டுங்கள். அதிலிருந்து கண்ணை எடுக்காமல், எழுத்து கலங்கும் அளவுக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் தலையைப் பக்கவாட்டில் ஒரு நிமிடம் ஆட்டுங்கள். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, தினம் மூன்று நான்கு முறை. லேசாகச் சுற்றினால் விட்டுவிடாதீர்கள், அது எதிர்பார்த்ததுதான்.