கூட்டுக்கு வந்தது யார்? – வீட்டுக் கோழி கேள்வி பதில்

மொட்டை மாடியில் கோழி வளர்ப்பது பற்றிப் போன இதழில் எழுதியதும் பெங்களூருவிலிருந்து நிறைய கடிதங்கள். தீவனம், நோய் என்றுதான் கேட்பார்கள் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் "எங்கள் கோழியைக் கொன்றது எது" என்பதுதான். அதனால் இந்த முறை அதற்கு மட்டும் பதில்.

ஹொரமாவில் தனி வீடு. எட்டு நாட்டுக்கோழி வைத்திருந்தோம். போன வாரம் காலையில் கூட்டைத் திறந்தால் ஐந்து செத்துக் கிடந்தன. கழுத்தில் கடி, ஒன்றுக்குத் தலையே இல்லை, ஆனால் எதையும் தின்னவில்லை. பக்கத்து வீட்டுப் பூனைதான் என்று என் கணவர் சொல்லி, அவர்களோடு வாக்குவாதமே ஆகிவிட்டது. பூனைதானா அக்கா?
– ஹொரமாவு வாசகி

முதலில் பக்கத்து வீட்டாரிடம் சமாதானமாகப் பேசிவிடுங்கள் அம்மா. பூனை குஞ்சைத் தூக்கும், விடைக்கோழியைக்கூடப் பிடிக்கும். ஆனால் வளர்ந்த கோழி ஐந்தை ஒரே ராத்திரியில் கடித்துப் போட்டுவிட்டுத் தின்னாமல் போவது வீட்டுப் பூனையின் வழக்கம் இல்லை. கீரியும் இல்லை என்றே நினைக்கிறேன், அது பகலில் நடமாடுவது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மரநாய், இல்லையென்றால் புனுகுப்பூனை. இரண்டும் இருட்டில்தான் வெளியே வரும். மரநாய் பெரும்பாலும் பழம் தின்று வாழ்வதுதான், ஆனால் கூட்டுக்குள் புகுந்துவிட்டால் கோழிகள் படபடவென்று அடித்துக்கொள்வதில் அது கடித்துக்கொண்டே போகும், பசிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, எங்கே ஓடுவது என்றே தெரியாமல் நிற்கும். பாவம்.

தலை மட்டும் இல்லாத கோழி, பெரும்பாலும் வலைக்கு அருகில் படுத்திருந்ததாக இருக்கும். வெளியிலிருந்தே பிடித்து இழுத்திருக்கும், உடம்பு வலைக் கண்ணி வழியே வராததால் தலையோடு போய்விட்டது.

இது எனக்கும் நடந்திருக்கிறது. நானும் முதலில் அறுகோணக் கண்ணி உள்ள சாதா கோழி வலையைத்தான் அடித்து வைத்திருந்தேன். விடியற்காலை டார்ச் அடித்துப் பார்த்தபோது மூலையில் கம்பி பிரிந்து, என் மணிக்கட்டு நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அறுந்த கம்பி நுனியில் ஈரமான சின்ன இறகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வலை கோழியை உள்ளே வைப்பதற்கு ஆனது, வெளியே இருப்பதைத் தடுப்பதற்கு ஆனது இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை, வாங்குங்கள். ஆணியை வளைத்து அடிப்பதோடு விடாமல் சட்டம் வைத்து திருகாணி போடுங்கள். சுவருக்கும் கூரை ஷீட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்துவிடுங்கள், மரநாய் வருவது பெரும்பாலும் மேலிருந்துதான், கிளை கூரைமேல் சாய்ந்திருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். மெஷ்ஷைக் கூட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு அடி தரையில் விரித்து மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடினால், தோண்டி வருகிற பெருச்சாளியும் நாயும் சுவரை ஒட்டித் தோண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடும்.

இன்னும் சந்தேகம் என்றால் சாயங்காலம் கூட்டைச் சுற்றிக் கோலமாவை மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் தடம் இருக்கும். பூனைக்கு நான்கு விரல், வட்டமாக, நகம் தெரியாது. நாய்க்கும் நான்குதான், ஆனால் நகம் பதியும். மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல். தடங்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு தெரிந்தால் பெருச்சாளி.

ஒன்று முக்கியம். வந்தது மறுநாளும் வரும். மிச்சமிருக்கும் மூன்றையும், கூட்டைச் சரி செய்கிற வரை, ராத்திரி பஞ்சாரத்தில் போட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாற்றம் இரண்டு நாளில் போய்விடும். செத்த கோழியை ஆழமாகப் புதையுங்கள், காலி மனையில் எறியாதீர்கள்.

ராமமூர்த்தி நகரில் மொட்டை மாடியில் ஒரு பெட்டை, ஒன்பது குஞ்சு. பகலிலேயே, நான் துணி காயப்போடும்போதே பருந்து வந்து தூக்குகிறது. இப்போது நான்குதான் மிச்சம். பருந்தை விரட்ட என்ன வழி?
– ராமமூர்த்தி நகர் வாசகர்

பருந்தை விரட்ட முடியாது தம்பி, இந்த ஊர் அதற்கும் ஊர்தான். யலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கிறபோது சுற்றுவட்டாரத்தில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்வார்கள், 2023-லும் 2025-லும் சொன்னார்கள், எதற்கு என்றால் கழிவுக்குக் கூடுகிற பருந்து விமானத்தில் மோதும் என்பதால்தான். எனவே உங்கள் தெருமுனையில் கறிக்கடை இருந்தால் பருந்து அங்கே நிரந்தரம். நீங்களும் மாடியில் குடல், தோல் எதையும் போட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது மேலே வலை கட்டுவது. இங்கே பால்கனிக்குப் புறா வலை கட்டும் ஆட்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள், அவர்களே மாடிக்கும் கட்டிக்கொடுப்பார்கள். அது வரை குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். வளர்ந்த கோழியைப் பருந்தால் தூக்க முடியாது, பருந்தின் எடையே ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். எனவே இரண்டு மாதம் காப்பாற்றிவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. காக்கையும் வல்லூறும் குஞ்சுக்கு அதே அளவு ஆபத்துதான், வல்லூறு மரத்துக்குள் உட்கார்ந்திருந்து சட்டென்று பாயும், வருவதே தெரியாது.

ஆனேக்கல் பக்கம் தோட்டத்து வீடு. அடை வைத்த பதினோரு முட்டையில் நான்கைக் காணோம். ஓடுகூட இல்லை. அடைக்கோழி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.
– ஆனேக்கல் வாசகர்

ஓடு உடைந்து கிடந்தால் கீரி, காக்கை, சில நேரம் கோழியே கொத்தியிருக்கும். ஓடே இல்லையென்றால் பாம்பு, அல்லது முட்டையை அப்படியே உருட்டிப்போகிற பெருச்சாளி. தோட்டம் என்கிறீர்கள், இரண்டும் இருக்கும், பெருச்சாளியைத் தேடித்தான் பாம்பே வருகிறது. அடையிடத்தில் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விடாதீர்கள். சாரையாக இருந்தால் பயமில்லை, நல்ல பாம்பும் முட்டைக்கு வரும். தப்பித்தவறிக் கடித்துவிட்டால் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடையை நாலு பக்கமும் அரை அங்குல மெஷ் அடித்த பெட்டிக்குள் மாற்றுங்கள். மாற்றுவதை இருட்டிய பிறகு செய்யுங்கள், கோழி அடையை விட்டு எழாது. மொத்தம் 21 நாள்தானே. சிந்தின தீவனத்தை ராத்திரி பெருக்கி எடுத்தாலே பெருச்சாளி குறையும். பூண்டு நசுக்கிப் போடுவது, பினாயில் ஊற்றுவது இதையெல்லாம் நம்பி இருக்காதீர்கள். பாம்பைக் கண்டால் வனத்துறையின் 1926-க்குச் சொல்லுங்கள், அடிக்க வேண்டாம்.

கீரி தினமும் வருகிறது. கறியில் விஷம் வைத்தால் என்ன?
– கே.ஆர்.புரம் வாசகர்

வைக்காதீர்கள். கீரி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, கொன்றால் சிறை. அதை விடுங்கள், அந்தக் கறியைத் தெருநாய் தின்னும், பருந்து தின்னும், பக்கத்து வீட்டுக் குழந்தை தொடும். கீரி பகலில் வருகிறது என்றால், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் கோழியை மெஷ் அடித்த இடத்துக்குள் விட்டுப் போங்கள், அவ்வளவுதான்.

சேவல் ஒன்று இருந்தால் காவலுக்கு ஆகுமா அக்கா?
– பனசங்கரி வாசகி

பகலில் ஆகும். என் சேவல் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும், பருந்தின் நிழல் தெரிந்ததும் நீளமாக ஒரு குரல், பெட்டையெல்லாம் முருங்கைக்கு அடியில் ஓடிவிடும். நாய் வந்தால் வேறு குரல், விட்டுவிட்டுக் கொக்கரிக்கும், அப்போது யாரும் ஓடுவதில்லை, நிமிர்ந்து பார்ப்பார்கள். இரண்டு நாள் கவனித்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும், அடுப்படியில் இருந்துகொண்டே எதற்குக் கத்துகிறது என்று சொல்லிவிடலாம். ராத்திரிக்கு அதனால் பயனில்லை, அதுவும் பெட்டைபோலத்தான் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கும், கூட்டைத் தாழ் போட்டாக வேண்டும். பக்கத்தில் வீடுகள் ஒட்டி இருந்தால் வாங்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், விடியற்காலை நாலு மணிக்கே கூவ ஆரம்பித்துவிடும்.