மணலுக்கும் வழி விடுங்கள்: கடல் பற்றிக் கேள்வி பதில்

இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மீன்பிடித் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, மட்டக்களப்புக் கல்லடிக்காரர்.

ஒலுவிலிலிருந்து: ஐயா, எங்கட பக்கம் தென்னந்தோட்டங்களைக் கடல் தின்னுது. துறைமுகத்துக்குத் தெற்கே மட்டும் மணல் மலையாகக் கிடக்குது. இது என்ன கணக்கு?

அந்த மணல்தான் கணக்கு, தம்பி. நம் கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை சரிவாக வந்து அடிக்க அடிக்க நகர்ந்துகொண்டே இருக்கும். வருடம் முழுக்கக் கூட்டிக் கழித்தால் உங்கள் பக்கம் அதன் போக்கு வடக்கு நோக்கி. 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்பு அணைகள் அதற்குக் குறுக்கே நிற்கின்றன. வடக்கே அலை வழக்கம்போல மணலை அள்ளிப் போகிறது, பதிலுக்கு வந்து சேர ஒன்றுமில்லை. அணையைச் சுற்றி வரும் மணல் துறைமுக வாயிலை அடைக்கிறது. வள்ளக்காரர் உள்ளே வரவும் வெளியே போகவும் படும் பாடு அதனால்தான்.

அவரே மீண்டும்: கருங்கல் போட்டால்?

கல் போட்ட வளவு நிற்கும், அதற்கு வடக்கே உள்ள வளவு போகும். பிறகு அவரும் கல் கேட்பார். தெற்கே தேங்கியதையும் வாயிலில் தோண்டியதையும் வடக்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஒருமுறை அல்ல, துறைமுகம் இருக்கும்வரை. அந்த மணலைக் கட்டட வேலைக்கு விற்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) விவசாயி: மாரி வெள்ளத்தில வயல் தாழுது. மணல் மூடின முகத்துவாரத்தை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விடச் சொன்னா வாவியில் மீன்பிடிக்கிறவங்க மறிக்கிறாங்க. ஏன்?

உங்கள் நெல்லும் நியாயம், அவர்களின் இறாலும் நியாயம். இறால் கடலில் முட்டையிடும், குஞ்சு முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வந்து கண்டல் (அலையாத்தி) மர வேர்களுக்குள் வளரும், பருத்தபின் கடலுக்குத் திரும்பும். அவசரப்பட்டு வெட்டினால் விளையாத இறால் தண்ணீரோடு போய்விடும். தண்ணீர் இறங்கியபின் உப்பும் உள்ளே ஏறும், அது உங்களுக்கும் நல்லதல்ல. வெட்டவே கூடாது என்பதும் சரியில்லை. குஞ்சு உள்ளே வர வாய் திறந்திருக்கத்தானே வேண்டும்? எத்தனை அடி ஏறினால் வெட்டுவது என்று மழைக்கு முன்பே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இரு தரப்பும் இருந்து பேசி முடித்துவிடுங்கள். வெள்ளம் வந்தபின் பேசினால் சண்டைதான்.

பாசிக்குடா விடுதி ஊழியர்: முருகைக்கல் (பவளப்பாறை) வெளுத்துக் கிடக்கு சேர். செத்துட்டுதா?

வெளுத்த உடனே சாவதில்லை. தண்ணீர் சூடேறினால் அதற்குள் வாழும் நுண்பாசி வெளியேறும். நிறமும் சாப்பாடும் அதனோடு போகும். சீக்கிரம் குளிர்ந்தால் மீளும். 1998இல் வந்த சூட்டில் நிறைய மீளவில்லை. சூட்டை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் படகு நங்கூரத்தை அதன்மேல் போடாமலும், விருந்தாளிகளை ஏறி நிற்கவிடாமலும் பார்க்கலாம்.

கல்முனை ஆசிரியை: கடற்கரையில் மாணவர்களோடு கண்டல் நடலாமா?

அலையடிக்கும் வெறும் மணலில் பிடிக்காது மகள், அது வாவியோரச் சேற்று மரம். கடற்கரைக்கு மணலில் படரும் அடம்பன் கொடி, இராவணன் மீசைப் புல் போதும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது மணல்மேட்டுக்கும் பொருந்தும்.

வாழைச்சேனையிலிருந்து: தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) பாவிக்கலாமா?

தடை. அதில் மீன் அதிகம் படும் என்று எனக்கும் தெரியும்.

அவரே: அப்ப கிழிந்த வலையைக் கடலில விடலாமா?

கரைக்குக் கொண்டு வாருங்கள். நைலோன் உக்காது. அறுந்த வலையும் மீன் பிடித்துக்கொண்டே கிடக்கும், எடுத்துக் கறிவைக்க ஆளில்லாமல்.