மகள் எபிஜெனெடிக்ஸ் படிக்கிறேன் என்கிறாள், சம்மதிக்கலாமா?

அம்மா, பி.எஸ்சி. பயோடெக் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், ‘கேன்சரில் மரபணுவை அடக்கும் புரதங்களைப் பற்றித்தான் பிஎச்.டி. பண்ணுவேன்’ என்று பிடிவாதமாக இருக்கிறாள், நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம், ஒரு நிபந்தனையோடு. அவள் கணக்கையும் கம்ப்யூட்டரையும் கைவிடக்கூடாது. பிளஸ் டூவில் கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளைகள் இந்தத் துறையில் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

அவள் ஆசைப்படும் எபிஜெனெடிக்ஸ் என்பது, டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமலே மரபணு இயங்குவதையும் அடங்குவதையும் பற்றிய படிப்பு. உடம்பில் ஏறத்தாழ எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. ஆனாலும் கல்லீரல் செல்லில் மூளைக்கான மரபணுக்கள் வாய் திறப்பதில்லை. அவற்றை அடக்கி வைப்பவற்றில் முக்கியமானவை பாலிகோம்ப் புரதங்கள். ஆண் பழ ஈயின் முன்னங்காலில் மட்டும் இருக்க வேண்டிய சீப்பு போன்ற மயிர்வரிசை மற்ற கால்களிலும் முளைத்த ஒரு பிறழ்விலிருந்து வந்த பெயர் அது. இந்தக் குழுவில் இ.இசட்.ஹெச்.2 என்ற நொதி, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹெச்3 என்ற ஹிஸ்டோன் புரதத்தில், 27ஆவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில், மூன்று மெத்தில் குழுக்களை ஒட்டுகிறது. அந்த முத்திரை விழுந்த மரபணு அடங்கிவிடும். கரு ஸ்டெம் செல்லில் உறுப்புகளை உருவாக்கும் மரபணுக்கள் பல, இந்த முத்திரையோடும் தூண்டும் முத்திரையோடும் சேர்ந்தே காத்திருக்கின்றன.

கேன்சரில் கதை இரண்டு பக்கமும் போகிறது. லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோய்கள் சிலவற்றில் இ.இசட்.ஹெச்.2 பிறழ்ந்து மிதமிஞ்சி வேலை செய்கிறது. அதைத் தடுக்கும் டாஸெமெட்டோஸ்டாட் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது. டி செல் லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோய் சிலரிடமும் சில நரம்புறைக் கட்டிகளிலுமோ இதே புரதக் கூட்டு பழுதாகிக் கிடக்கிறது. எந்த நோயில் தடுக்க வேண்டும், எதில் தொடக்கூடாது என்பது இன்னும் முடியாத கேள்வி. ஆகவே ஆராய்ச்சிக்கு வேலை இருக்கிறது.

சரி, ஆய்வகத்தில் என்ன செய்வாள்? முத்திரை எந்த மரபணுவில் இருக்கிறது என்று பார்க்கும் ‘சிப்’ சோதனையில், புரதத்தை டி.என்.ஏ.வோடு பிணைக்க, செல்லை 1 சதவீத ஃபார்மால்டிஹைடில் சுமார் 10 நிமிடம் வைத்து, கிளைசின் சேர்த்து நிறுத்துவார்கள். அரட்டையில் அரை மணி ஊறிப்போனால் குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோனும் சேர்ந்த இழை) சரியாகத் துண்டாகாது, முத்திரையைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியும் பிடிக்காது. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துச் சவ்வில் ஒற்றிப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஹெச்3 வெறும் 15-17 கிலோடால்டன் எடையுள்ள சிறு புரதம். 0.45 மைக்ரான் சவ்வில் அது ஊடுருவிப் போய்விடலாம், 0.2 மைக்ரான் வேண்டும். இ.இசட்.ஹெச்.2ஐத் தடுக்கும் மருந்து போட்டு 24 மணி நேரத்தில் முத்திரை குறையவில்லையே என்று கலங்கும் மாணவர்கள் ஏராளம். செல் பிரியப் பிரியத்தான் பழைய முத்திரை நீர்த்துப்போகும். நான்கைந்து நாள் பொறுக்க வேண்டும்.

இதற்கு மேல், சிப்பில் கிடைத்த டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாக வாசித்து (சீக்குவென்சிங்), அந்தத் தரவைக் கம்ப்யூட்டரில் அலசும்போதுதான் கணக்கு வருகிறது. மருந்தால் முத்திரை எல்லா இடத்திலும் ஒரேயடியாகக் குறைந்தால், வழக்கமான சமன்படுத்தும் முறை அந்தக் குறைவையே மறைத்துவிடும். அளவுகோலாகப் பழ ஈயின் குரோமாட்டினைக் கொஞ்சம் கலந்து வைத்திருக்க வேண்டும். இந்த முத்திரை அகலமாகப் பரவும் என்பது தெரியாமல், கூர்மையான உச்சிகளைத் தேடும் அமைப்பிலேயே மென்பொருளை ஓட்டினால் முடிவு துண்டு துண்டாக வரும். லினக்ஸ், புள்ளியியலுக்கான ‘ஆர்’ மொழி, கொஞ்சம் பைதான், கொஞ்சம் புள்ளியியல் கற்றுக்கொண்ட பெண்ணுக்கு பிஎச்.டி. கிடைக்காமல் போனாலும் மரபணுப் பரிசோதனை நிறுவனங்களில் கதவு திறக்கும். பைப்பெட் மட்டும் பிடித்தவருக்கு அந்த வசதி குறைவு.

எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுகளில் மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் வரும் ஜாம் முதல் குறி. பயோடெக் தாளில் பிளஸ் டூ தரத்துக் கணக்கும் இயற்பியலும் உண்டு. இந்தக் கோடையிலேயே தொடங்கட்டும். கூடவே பயோடெக் எம்.எஸ்சி.க்கான காட்-பி தேர்வையும் எழுதட்டும். எம்.எஸ்சி. முடிக்கும் தறுவாயில் பிஎச்.டி.க்கு வழிதிறக்கும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. 200 மதிப்பெண்ணில் பாதி கடைசிப் பகுதியில் இருக்கிறது: 75 கேள்வியில் 25க்கு விடை, தப்புக்குக் கால் பங்கு போகும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. உதவித்தொகை சில மாதம் தாமதமாக வருவது சகஜம், நாலைந்து மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. ஐந்தாறு என்று கணக்கிட்டால், பட்டம் வாங்கிய பிறகு ஏழெட்டு ஆண்டு. கல்யாணப் பேச்சு இடையில் வரும் என்பதால் இதை இப்போதே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

ஆராய்ச்சிக்கான இடம் என்றால் ஹைதராபாத் சி.சி.எம்.பி., பெங்களூரு இன்ஸ்டெம், நவி மும்பை ஆக்ட்ரெக் ஆகிய ஆய்வு நிறுவனங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. வளாகத்திலேயே ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சேருமுன் அந்த ஆய்வகத்தின் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், சீக்குவென்சிங் தரவை யார் அலசுகிறார்கள் என்று அவள் கேட்டுவிட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு காட்டுங்கள். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ‘ஸ்டெம் செல் தெரபி டிப்ளமோ’ தருகிறவர்கள் பக்கம் போகவே வேண்டாம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல்படி ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை மருத்துவ ஆய்வுக்குள்தான் நடக்க முடியும்.

இப்போதைக்கு அவளுக்கு ஒரே வேலை. அறிவியல் அகாடமிகள் நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கு அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கட்டும். அதுவரை ‘கேலக்ஸி’ என்ற இலவச இணையத்தளத்தில், பொதுவில் கிடைக்கும் ஏதாவது ஒரு சிப் தரவை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை தானே ஓட்டிப் பார்க்கட்டும். மூன்று வாரம் அதில் உட்கார முடிந்தால் அடுத்ததை யோசிக்கலாம்.